இலவச இசைக்கல்வியின் விலை: தேங்காய்த்திட்டிலிருந்து ஒரு பார்வை

கேள்வி

புதுச்சேரி நகரின் தெற்கு ஓரத்தில், அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது தேங்காய்த்திட்டு. மீன்பிடித் துறைமுகம், பக்கவாட்டில் அலையாத்தி மரங்கள், தாழ்ந்த நிலம், முதலியார்பேட்டை வழியாக நகரத்துக்குள் நுழையும் சாலை. இங்கே பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளைக்கு வயலினோ தவிலோ கற்கும் ஆசை வந்து, வீட்டில் அதற்குக் காசில்லை என்று வைத்துக்கொள்வோம். வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆற்றைத் தாண்டினால் அரியாங்குப்பத்தில் புதுச்சேரி அரசின் பாரதியார் பல்கலைக்கூடம். இசையிலும் நடனத்திலும் காண்கலையிலும் பட்டப்படிப்பு தருகிறது. நகரத்தில் சிறுவர்களுக்கான ஜவகர் பால பவன். வடக்கே ஆரோவில்லின் கோட்டக்கரையில், சுற்றுக் கிராமத்து இளைஞர்களுக்கு இசைக்கருவி செய்யப் பயிற்சி தரும் நோக்கோடு 2003இல் தொடங்கிய ஸ்வரம்.

ஆகவே இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி, இடம் இருக்கிறதா என்பதைத் தாண்டியது. கட்டணத்தை எடுத்துவிட்டால் ஏழைப் பிள்ளையின் கைக்கு இசை வந்து சேருமா? சேரவில்லையென்றால் எங்கே தடைபடுகிறது? நன்கொடையாளர்களும் அரசுகளும் பொதுவாக நுழைவாயிலைப் பற்றியே பேசுகிறார்கள்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை கருவிகள் வழங்கப்பட்டன. நான் பார்க்க விரும்புவது மூன்றாம் ஆண்டையும் பதினாறாம் வயதையும். இலவச வகுப்பின் உண்மையான விலை அங்கேதான் வசூலாகிறது என்பது என் கருத்து.

குருகுலத்திலும் கட்டணம் இல்லை

இலவச இசைக்கல்வியை நவீன அறச்செயலாகப் பார்ப்பது வழக்கம். தமிழ் நிலத்தில் இசை நெடுங்காலமாகக் கட்டணமின்றியே கற்பிக்கப்பட்டது. நாதசுரக்காரரின் வீட்டில் தங்கிய சீடன் மாதச் சம்பளம் கட்டவில்லை. தண்ணீர் சேந்தினான், கருவியைச் சுமந்தான், கச்சேரியில் ஒத்து ஊதினான், தாளம் போட்டான். ஆண்டுக்கணக்கில் கொடுத்த உழைப்புதான் கட்டணம். அதற்கும் முன்னால் இன்னொரு கட்டணம் பிறப்பிலேயே கட்டப்பட்டிருந்தது. யார் எந்தக் கருவியைத் தொடலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. பெரிய மேளம் ஒரு தெருவில், பறை இன்னொரு தெருவில், வீணை வேறொரு தெருவில்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த சிதம்பரம் இசைக்கல்லூரியும், 1949இல் முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வராக இருந்து தொடங்கிய சென்னை அரசு இசைக்கல்லூரியும் இந்த ஏற்பாட்டை ஓரளவு உடைத்தன. விண்ணப்பப் படிவம் எழுதுகிறவர் எவரும் மாணவர் ஆகலாம் என்ற நிலை வந்தது. ஆனால் பாடத்திட்டம் எந்த இசையை இசையென்று எடுத்துக்கொண்டது என்பதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

இங்கே பாரதியை நினைக்காமல் இருக்க முடியாது. 1908 முதல் 1918 வரை அவர் புதுச்சேரியில் இருந்தார். இந்த ஊரின் மாஞ்சோலையைக் களமாக வைத்த குயில் பாட்டில், குயில் தன் நெஞ்சைப் பறிகொடுத்த பாட்டுகளை வரிசையாகச் சொல்கிறது. ஏற்றம் இறைப்பவர் பாட்டு, நெல் குத்தும் பெண்கள் பாட்டு, சுண்ணாம்பு இடிப்பவர் பாட்டு, வயலில் வேலை செய்பவர் பாட்டு என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. உழைப்பவர்களுக்கு ஏற்கெனவே இசை இருக்கிறது என்பதை அவர் வாதமாக வைக்கவில்லை, இயல்பாகவே தெரிந்திருந்தது. அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் உட்பட, நம் இசைப் பள்ளிகள் எவையும் அந்தப் பட்டியலிலிருந்து பாடத்திட்டத்தைத் தொடங்கவில்லை.

சேர்க்கை அறிவிப்பில் ஒளிந்திருப்பது

தமிழ்நாட்டில் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இயங்குகின்றன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றில் மூன்றாண்டுப் படிப்பு. 12 முதல் 25 வயது வரை சேரலாம். கட்டணம் ஆண்டுக்கு 350 ரூபாய் அளவில். மாணவர்களுக்கு மாதம் 400 ரூபாய் ஊக்கத்தொகை, இலவசப் பேருந்துச் சலுகை. இந்தியாவில் அரசு நடத்தும் இசைக்கல்வி அமைப்புகளில் இது சிறப்பான ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆண்டுதோறும் செய்தித்தாளில் வரும் சேர்க்கை அறிவிப்பைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றுக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நாதசுரம், தவில், தேவாரத்துக்குத் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளைக்கும் வாசல் திறந்திருக்க வேண்டும் என்ற கரிசனம் ஒன்று. அப்படிப்பட்ட பிள்ளைகள் மேளத்துக்குத்தான் வருவார்கள் என்ற பழைய எதிர்பார்ப்பு மற்றொன்று. இரண்டும் ஒரே விதிக்குள் கிடக்கின்றன. கரிசனம் மட்டும்தான் காரணமென்றால், வயலினுக்கும் அதே தளர்வு கிடைத்திருக்கும். விரல் பழகுவதற்கும் ஏழாம் வகுப்புக் கணக்குக்கும் என்ன தொடர்பு?

400 ரூபாயையும் கவனிக்க வேண்டும். ஒரு நாள் கூலியைத் தாண்டாத தொகை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது ஊக்கம். பதினெட்டு வயது இளைஞனுக்கு, வீட்டில் ஒருவர் நோயில் படுத்தால், அது எதற்கும் ஆகாது. ஊக்கத்தொகையை வடிவமைத்தவர்கள் சிறுவனை மனத்தில் வைத்திருக்கிறார்கள். படிப்பை விட்டுப் போவது பெரும்பாலும் இளைஞன்.

நேரம், கருவி, சாதகம்

வகுப்புக்கு வெளியே நடக்கும் சாதகம்தான் இசைக்கல்வியில் பெரும்பகுதி. அதற்கு இடம் வேண்டும். ஒற்றை அறை வீட்டில், இரவு கடலுக்குப் போய் வந்தவர் பகலில் தூங்கும்போது தவில் அடிக்க முடியாது. நாதசுரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்; திறந்தவெளியில் ஊரைக் கூட்டுவதற்கென்றே அமைந்த கருவி அது. வயலின் சற்றே அடங்கிய குரல் உடையது என்றாலும், தொடக்க ஆண்டுகளில் அக்கம்பக்கத்தின் பொறுமையைச் சோதிப்பதில் அதற்கு நிகரில்லை. நகரத்து நடுத்தரக் குடும்பத்தில் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை இருக்கும். அந்த அறையின் வாடகையை எந்த இலவசத் திட்டமும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கருவியை ஒருமுறை வாங்கிக் கொடுத்தால் முடிந்தது என்ற எண்ணமும் தவறு. தஞ்சை மாவட்டத்து நரசிங்கப்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் அதை ஊதச் சீவாளி வேண்டும். சீவாளி தேயும், பிளக்கும், ஈரத்துக்கு ஒரு குரலும் வெயிலுக்கு ஒரு குரலும் காட்டும். திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தவிலுக்குத் தோல், வயலினுக்குத் தந்தி. முகத்துவாரத்து உப்புக்காற்றில் எஃகுத் தந்தி எவ்வளவு நாள் துருவேறாமல் நிற்கும் என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள். விழா எடுத்துக் கருவி வழங்கும் நன்கொடையாளர் மூன்றாம் ஆண்டுச் சீவாளிக்கு விழா எடுப்பதில்லை.

நேரத்தைப் பற்றி இந்தப் பகுதிக்கே உரிய வரலாறு ஒன்று உண்டு. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சு அரசு நடத்திய துப்பாக்கிச்சூட்டில் 12 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து மறு ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது. மாலை என்ற ஒன்று தொழிலாளியின் கைக்கு வந்தது அப்போதுதான். மாலை வகுப்பு, மாலைப் பஜனை, நாடக ஒத்திகை எல்லாவற்றுக்கும் அந்த மாலைதான் மூலதனம். முதலியார்பேட்டையின் ஏ.எஃப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்டது. இன்று துறைமுகத்தைச் சுற்றிய வேலைகளுக்கு ஆலைச் சங்கு கிடையாது. மீன் வந்து இறங்கும் நேரமே வேலை நேரம். வாரத்தில் மூன்று நாள் மாலை ஐந்து மணிக்கு வகுப்பு என்று அறிவிக்கும் திட்டம், ஆலைத் தொழிலாளியின் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அந்தப் பிள்ளை இப்போது இல்லை.

காஞ்சிபுரத்தில் பதினெட்டு ஆண்டுகள்

நேரத்தின் விலையை நேருக்கு நேர் சந்தித்த முயற்சி ஒன்றை எனக்குத் தெரியும். காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை இயங்கிய கட்டைக்கூத்து குருகுலம். கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபாலும் டச்சு ஆய்வாளர் ஹன்னே எம். டி புருயினும் இதை நடத்தினார்கள். இதற்கு முன்பே, 1990இல், கலைஞர்கள் சேர்ந்து தமிழ்நாடு கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்திருந்தார்கள்.

குருகுலம் பிறந்த காரணம் மிக எளியது. கூத்து விடிய விடிய நடக்கும். மேடையில் ஆடும், தாளம் போடும், முகவீணை ஊதும் பிள்ளை காலை ஒன்பது மணிக்குப் பள்ளியில் உட்கார முடியாது. எனவே கூத்துக்காரர் பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள், அல்லது கூத்தை விட்டார்கள். இராஜகோபாலே சிறுவயதில் பள்ளியை விட்டுத் தந்தையின் குழுவில் சேர்ந்தவர். அவரும் மற்றவர்களும் கட்டிய பள்ளி, பொதுக் கல்வியையும் கூத்துப் பயிற்சியையும் ஒரே கூரையின் கீழ், ஒரே கால அட்டவணைக்குள் வைத்தது. பாட்டு, ஆட்டம், ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, ஒப்பனை எல்லாம் பாடங்கள். தங்கிப் படித்தவர்களில் பெரும்பாலோர் ஏழைக் கிராமத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் இங்கே பயின்றார்கள். இதை ஊர்கள் எளிதில் ஏற்கவில்லை.

இந்த முயற்சியில் நான் முக்கியமாகக் கருதுவது, பிள்ளையை வெற்றுப் பாத்திரமாக எடுத்துக்கொள்ளாத தன்மை. கிராமத்துப் பிள்ளையின் காதில் ஏற்கெனவே இருந்த இசையிலிருந்து கல்வி தொடங்கியது. அந்த இசைக்குச் சுற்று வட்டாரத்தில் வாங்குவோர் இருந்தார்கள். அம்மன் கோயில் திருவிழாவும் பாரதக் கூத்தும் வேலை கொடுத்தன. கற்றதும் பிழைப்பும் ஒரே ஊரில் இருந்தன. குறையும் உண்டு. தங்கிப் படிக்கும் பள்ளி நடத்துவது செலவு பிடிக்கும் வேலை, நிதிக்காக ஓயாமல் வெளியே கையேந்த வேண்டியிருக்கும். பதினெட்டு ஆண்டுகளில் மூடப்பட்டதைத் தோல்வி என்று எழுதுவது சரியாகாது. ஆனால் இரண்டு பேரின் முனைப்பைச் சார்ந்த நிறுவனம் எவ்வளவு காலம் நிற்கும் என்ற கேள்வியை அது விட்டுச் சென்றிருக்கிறது.

பறைக்கும் இதே கேள்வி வேறு வடிவத்தில் வருகிறது. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழு தலித் இளம்பெண்களுக்குப் பறை கற்றுக்கொடுத்தது. இழிவின் அடையாளமாகச் சுமத்தப்பட்ட கருவியைப் பெருமையோடு எடுப்பது அங்கே பாடத்தின் பகுதி. அமெரிக்க இசையியலாளர் சோ ஷெரினியன் இதை ஆவணப்படமாக எடுத்திருக்கிறார். கூத்துப் பள்ளியில் பிழைப்பு எதுவோ, இங்கே தன்மானம் அது.

வெனிசுவேலா சொல்லும் சாட்சியம்

உலகில் இந்தத் துறையில் எதைத் தொட்டாலும் எல் சிஸ்டெமா என்ற பெயர் வரும். ஹொசே அந்தோனியோ அப்ரேயு 1975இல் வெனிசுவேலாவில் தொடங்கிய இசைக்குழு இயக்கம் அது. அரசுப் பணத்தில், ஏழைப் பிள்ளைகளை மேற்கத்திய செவ்வியல் இசைக்குழுக்களில் உட்கார வைத்து வறுமையிலிருந்து மீட்பதாக அறியப்பட்டது. குஸ்தாவோ டுடமெல் என்ற உலகப் புகழ் நடத்துநர் அதன் விளைச்சல். ஸ்காட்லாந்தின் ராப்ளாக்கில் 2008இல் தொடங்கிய பிக் நாய்ஸ் உட்படப் பல நாடுகளில் அதன் கன்றுகள் முளைத்தன. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் அறக்கட்டளை, எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாக மேற்கத்திய நரம்புக்கருவிகள் கற்பித்து அமைத்த சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ராவையும் இந்தக் குடும்பத்தில் வைத்துப் பார்க்கலாம்.

2014இல் ஜெஃப்ரி பேக்கர் எழுதிய நூல் இந்தப் புகழைக் கேள்விக்கு உட்படுத்தியது. அதிகாரமும் பணிவும் நிறைந்த அமைப்பு, ஏழைகளைவிட நடுத்தர வர்க்கத்தினரே கூடுதலாகப் பயனடைகிறார்கள் என்பது அவர் வாதம். கசப்பானவர், மிகைப்படுத்துகிறார் என்று மறுத்தவர்கள் உண்டு. பிறகு அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கியின் ஆதரவில் நடந்த சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வு 2017இல் வெளியானது. 6 முதல் 14 வயது வரையிலான ஏறத்தாழ 2,900 பிள்ளைகள். சுயகட்டுப்பாட்டில் சிறிய முன்னேற்றம், வன்முறையைச் சந்தித்த சிறுவர்களிடம் நடத்தைக் கோளாறுகள் குறைந்தது ஆகிய நன்மைகள் தெரிந்தன. அளந்த பெரும்பாலான மற்றவற்றில் மாற்றம் தெரியவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது ஆய்வின் இன்னொரு எண். ஒப்பீட்டுக் குழுவில் இருந்த பிள்ளைகளில் ஏழைகள் 16.7 விழுக்காடு, அவர்கள் வாழ்ந்த மாநிலங்களில் வறுமை 46.5 விழுக்காடு. அதாவது விண்ணப்பித்தவர்கள் தொடக்கத்திலேயே சுற்றியிருந்தவர்களைவிட வசதியானவர்கள்.

கட்டணம் இல்லை, கருவி இலவசம், அரசின் முழு ஆதரவு. அப்படியிருந்தும் ஏழைகளில் பெரும்பாலோர் வாசலுக்கே வரவில்லை. யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்த் திரும்ப அழைத்துவர ஒரு பெரியவரின் மாலை தேவைப்பட்டிருக்கும். அது எல்லா வீட்டிலும் இருக்காது. இது என் ஊகம். ஆனால் மற்ற விளக்கங்களைவிட இது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இன்னொன்றும் உண்டு. நரம்புக்கருவிக் குழு என்பது வேலைச் சந்தை இருந்தால் பிழைப்பு. சென்னைத் திரைப்பதிவுக் கூடங்களில் பல பத்து வயலின்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த காலம், கணினி ஓசைத்தொகுப்புகள் வந்த பிறகு சுருங்கிவிட்டது. வயலின் கற்பது வீணென்று நான் சொல்லவில்லை. கற்பித்து முடித்த பிறகு எங்கே வாசிப்பார்கள் என்று கற்பிக்கத் தொடங்கும்போதே கேட்க வேண்டும் என்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் வாசலும் வழியும்

இந்தக் கேள்விக்குத் தமிழ் உலகில் நிறுவனமாக விடை கண்ட இடம் இலங்கை. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் சீர்திருத்தத்தால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. அரசுப் பள்ளியில் இசை, நடனம், சித்திரம் போன்றவை அழகியற் பாடங்களாகக் கால அட்டவணைக்குள் இருக்கின்றன. கருநாடக இசையைப் பள்ளியில் படித்து, வட இலங்கைச் சங்கீத சபையின் தரத் தேர்வுகளை எழுதி, 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கி 1975இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, மீண்டும் அரசுப் பள்ளிக்கே இசை ஆசிரியராகப் போகலாம். முழு வளையமும் அரசுச் செலவில்.

இங்கே மாணவர் மாலை நேரத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை, பள்ளி நேரத்திலேயே வகுப்பு. பட்டத்துக்குப் பிறகு ஆசிரியர் பதவி என்ற கரை தெரிகிறது. போர்க்காலத்திலும் வடக்கில் இசைக்கல்வி அறுந்துபோகாமல் இருந்ததற்கு இந்த வளையமும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். ஆனால் இதிலும் பழைய கோடு அழியவில்லை. பள்ளிப் பாடம் பெரும்பாலும் குரலிசை, வீணை, வயலின் பக்கமே சாய்ந்தது. தவிலும் நாதசுரமும் பெருமளவு குடும்பங்களுக்குள் இருந்தன. தமிழகமே வியந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி அப்படிப்பட்ட தவில் குடும்பத்தில் வந்தவர்.

ஒப்பிட்டால், தமிழ்நாட்டில் 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாயில் நியமித்தார்கள். ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு. அவர்களில் இசை கற்பித்தவர்கள் சிறுபகுதி. 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா நல்ல விளைவுகளைத் தந்திருக்கிறது, ஆனால் போட்டி என்பது ஏற்கெனவே கற்றவரைக் கண்டுபிடிக்கும், கற்பிக்காது.

மீண்டும் துறைமுகத்துக்கு

தேங்காய்த்திட்டில் இனி ஒருவர் இலவச இசை வகுப்பு தொடங்கினால், மேலே சொன்ன சாட்சியங்கள் சில நடைமுறை முடிவுகளை நோக்கித் தள்ளுகின்றன. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பள்ளிக் கோடை விடுமுறையும் அதோடு பெரும்பாலும் ஒன்றிப் போகிறது. வீட்டில் வருமானம் குறைந்த காலம் அது. ஆனால் பெரியவர்கள் கரையில் இருக்கும் காலமும் அதுதான். ஆண்டு முழுக்க வாரம் மூன்று மணி நேரம் என்று பரப்பி வைப்பதைவிட, அந்த இரண்டு மாதத்தில் தினமும் சோற்றோடு கூடிய வகுப்பு நடத்துவது பொருத்தமாக இருக்கலாம். மற்ற மாதங்களில் வகுப்பைவிடச் சாதகம் செய்யத் திறந்த ஒரு கூடமும், அங்கேயே வைத்துப் பூட்டப்படும் கருவிகளும் அதிகம் உதவும்.

ஆசிரியர்கள் யார்? பம்பை அடிப்பவர், பேண்டு செட்டில் ட்ரம்பெட் ஊதுபவர், மேளக்காரர், தேவாலயப் பாடகர் குழுவை நடத்துபவர், இவர்களில் ஒருவராவது இல்லாத பகுதி புதுச்சேரியில் இருக்காது. பக்கத்து வீராம்பட்டினத்தில் ஆடி ஐந்தாம் வெள்ளி செங்கழுநீர் அம்மன் தேர் நகரும்போது அவர்கள் அத்தனை பேருக்கும் வேலை. பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவர்களை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிட்டு, இசையில்லாத இடத்துக்கு இசை கொண்டுவந்ததாக அறிக்கை எழுதுவது கொஞ்சம் வேடிக்கையானது. பல்கலைக்கூடத்தில் பட்டம் பெற்ற ஒருவரும் பம்பைக் கலைஞர் ஒருவரும் சேர்ந்து நடத்தும் வகுப்பில், முன்னவருக்கும் கற்க நிறைய இருக்கும்.

இந்த வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நடுத்தர வர்க்கத்துப் பிள்ளை வீணை கற்கும்போது பிழைப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஏழைப் பிள்ளை மட்டும் ஏன் தன் இசையை வருமானமாக நிரூபிக்க வேண்டும்? மகிழ்ச்சிக்காகப் பாட அதற்கு உரிமையில்லையா? உண்டு. ஆனால் வீணை வகுப்பைப் பதினேழு வயதில் விட்டுவிடும் பிள்ளையின் அந்த ஆண்டுகளை வீட்டில் யாரும் கூலிக் கணக்கில் எழுதியிருக்கவில்லை. துறைமுகத்தில் ஐஸ் பெட்டி சுமக்கக்கூடிய பதினாறு வயதுப் பையனின் மாலை ஒவ்வொன்றுக்கும் சந்தையில் விலை இருக்கிறது. அவன் மகிழ்ச்சிக்காகவே பாட வேண்டுமென்றாலும் அந்த விலையை யாராவது கட்ட வேண்டும். ஆகவே ஊக்கத்தொகை வயதோடு ஏற வேண்டும்: பன்னிரண்டு வயதில் பேருந்துக் காசும் சிற்றுண்டியும், பதினாறிலிருந்து உள்ளூர்க் கூலியோடு ஒப்பிடத்தக்க தொகை. இப்போதைய திட்டங்கள் பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஒரே தொகையைக் கொடுக்கின்றன. புதிய கருவிகளுக்கு ஒதுக்கும் பணத்தின் ஒரு பகுதியை அந்தக் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மாற்றினால், சேர்க்கைப் பட்டியல் குறுகும், தேர்ச்சிப் பட்டியல் நீளும். நன்கொடையாளருக்கு அனுப்பும் ஆண்டறிக்கையில் முதல் எண் சிறிதாகத் தெரியும் என்பதுதான் இதிலுள்ள சங்கடம்.